ஆடையில் 'ஷாக்' அடிக்கிறதா? பயம் வேண்டாம், பெட்ரோல் பங்கில் மட்டும் கவனம்!

ரியாத்தில் ஜனவரி மாதம். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, கம்பளத்தில் நடந்து போய்த் தெரிந்தவருக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுக்கிறோம். விரல் நுனியில் 'சுரீர்' என்று ஓர் அடி. இருவரும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். வெளியே வந்து கார் கதவைத் தொட்டால் அங்கும் அடிக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்ற சத்தத்தோடு நீலப் பொறிகள்கூடத் தெரிகின்றன.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதில் மிரண்டுபோவதுண்டு. நரம்புக் கோளாறோ என்று டாக்டரிடம் போகிறவர்களும், வீட்டு வயரிங்கைச் சந்தேகப்பட்டு எலக்ட்ரீஷியனை அழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. இது நாம் பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கிப் பார்த்தோமே, அதே நிலைமின்சாரம்தான். உடுத்தியிருக்கும் துணியும், மிதிக்கும் கம்பளமும், காய்ந்த காற்றும் சேர்ந்து செய்கிற வேலை.

இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் தாவுகின்றன. தேய்த்தால் தொடும் பரப்பு கூடுவதால் தாவுவதும் கூடுகிறது. எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருட்களை ஒரு முனையிலும், பிடித்து வைத்துக்கொள்பவற்றை மறுமுனையிலும் வைத்து விஞ்ஞானிகள் ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். தலைமுடி, நைலான், கம்பளி ஆகியவை ஒரு பக்கம். பாலியஸ்டர், பிவிசி, டெஃப்லான் மறுபக்கம். பருத்தி நடுவில். வரிசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிற இரண்டு துணிகள் உரசுகின்றனவோ, அவ்வளவு மின்னேற்றம். பாலியஸ்டர் சட்டைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டால் பொறி பறப்பது இதனால்தான்.

நம் சகோதரிகள் அணியும் அபாயாக்களுக்கு வருவோம். கடைக்காரர் 'நிதா' என்பார், 'கிரேப்' என்பார். பெயரை விட்டுவிட்டு லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் பாலியஸ்டர் என்றுதான் இருக்கும். கசங்காது, சீக்கிரம் காயும், விலையும் கட்டுப்படி ஆகும் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளே நைலான் பாவாடை அணிந்து நாலு எட்டு நடந்தால் இரண்டும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்று ஒட்டிக்கொள்கின்றன. தளர்வாக இருக்க வேண்டுமென்றே பார்த்து வாங்கிய அபாயா, காலோடு சுற்றிக்கொண்டு உடலமைப்பைக் காட்டுகிறது. நடுத்தெருவில் நின்று அதை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தொல்லை காயல்பட்டினத்திலும் நாகூரிலும் ஏன் இல்லை? துணி அதேதான், காற்றுதான் வேறு. ஈரக் காற்றில் துணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. சேருகிற மின்னேற்றம் அதன் வழியே கசிந்து போய்விடுகிறது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருப்பதில்லை. பாலைவனக் குளிர்காலத்தில் காற்றிலும் ஈரமில்லை, துணியிலும் ஈரமில்லை. மின்னேற்றம் போக வழியில்லாமல், நாம் எதையாவது தொடும்வரை காத்திருக்கிறது.

ஆகவே முதல் பரிகாரம், அபாயாவுக்கு உள்ளே பருத்திப் பாவாடை அல்லது பருத்திச் சுடிதார். இதற்கே பாதித் தொல்லை போய்விடும். துணி அலசும் கடைசித் தண்ணீரில் ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்தால் அது நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தை இழுத்துத் தரும். துண்டுகளுக்கு மட்டும் வேண்டாம். தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். இஹ்ராம் துணிக்கும் வேண்டாம். கண்டிஷனர்கள் பெரும்பாலும் வாசனையுள்ளவை. டிரையரில் துணியை மொறுமொறுவென்று காயவிடாமல் சற்று முன்னதாகவே எடுத்துவிடலாம். காலில் லோஷன் தடவுவதும் உதவும். அவசரத்துக்குக் கம்பி ஹேங்கரை அபாயாவின் உள்பக்கமாக ஒருமுறை ஓட்டி எடுக்கலாம், ஆனால் நடந்தால் மறுபடி ஒட்டும்.

அடி வலிப்பதைத் தவிர்க்க, விரலுக்குப் பதிலாகக் கார் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் கதவைத் தொடுங்கள். பொறி சாவிக்குப் போய்விடும்.

இந்த அடியை நாம் உணர வேண்டுமானால் உடலில் ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். காய்ந்த நாளில் கம்பளத்தின் மேல் நடந்தால் 10,000 வோல்ட்டையும் தாண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரமே 230 வோல்ட்தானே, பின் எப்படி உயிரோடு இருக்கிறோம்? வோல்ட் அதிகம், ஆனால் சேர்ந்திருக்கும் மின்சாரத்தின் அளவு மிக மிகக் குறைவு, கண நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மத்தாப்புப் பொறி கடும் சூடுள்ளதுதான், கையில் விழுந்தால் கை வெந்துவிடுவதில்லையே, அதுபோல. செல்போன் சர்வீஸ் செய்யும் நம் இளைஞர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நாம் உணரவே முடியாத சில நூறு வோல்ட்டே சில சிப்களைக் கெடுத்துவிடும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்வது வீண் பந்தா அல்ல.

மனிதனை ஒன்றும் செய்யாத அந்தப் பொறி, பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. ஆவி பற்றிக்கொள்ளத் தேவைப்படும் ஆற்றல் ஒரு மில்லிஜூலில் கால் பங்குதான். நம் விரல் நுனியில் சுரீரென்று அடிக்கும் பொறியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

அமீரகத்தில் நாமே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளும் பங்குகள் இருக்கின்றன. ஒரு சகோதரி நாசிலை டேங்கில் மாட்டிவிட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்சீட்டில் குழந்தை அழுகிறது. உள்ளே ஏறி உட்கார்ந்து சமாதானப்படுத்துகிறார். டேங்க் நிரம்பியதும் இறங்கிவந்து நாசிலைப் பிடிக்கிறார். சீட்டில் அபாயா உரசி எழுந்ததில் சேர்ந்த மின்னேற்றம் முழுவதும் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறியாக இறங்குகிறது. இது கற்பனையான ஆபத்து அல்ல. பெட்ரோல் நிரப்பும்போது நிலைமின்சாரத்தால் பற்றிய தீ விபத்துகளை அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட் தொகுத்தபோது, அவற்றில் பலவும் இப்படி நடுவில் காருக்குள் போய்த் திரும்பி வந்தபோது நடந்தவையாகவே இருந்தன. செல்போனால் தீப்பிடித்ததாக உறுதியான ஒரு சம்பவமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அங்கே போன் பேசலாம் என்று சொல்ல வரவில்லை. எச்சரிக்கைப் பலகையில் போன் படத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஆபத்து தெரிவதில்லை என்பதுதான் கவலை.

நிரப்பி முடியும்வரை வெளியிலேயே நில்லுங்கள். உள்ளே போய்த்தான் ஆகவேண்டும் என்றால், திரும்பி வந்ததும் டேங்க் வாயிலிருந்து தள்ளி, காரின் உலோகப் பகுதியை வெறுங்கையால் தொட்டபிறகே நாசிலைத் தொடுங்கள். தீ பிடித்துவிட்டால் நாசிலை வெளியே இழுக்கக் கூடாது. இழுத்தால் பெட்ரோல் சிந்தித் தீ பரவும். காரில் இருப்பவர்களை இறக்கிக்கொண்டு விலகி ஓடி, ஊழியரிடம் கத்திச் சொல்லுங்கள். கேனில் வாங்குவதானால் டிக்கிக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சமையலறையில் கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதேபோல அந்த இடத்தில் நின்றுகொண்டு நைலான் நைட்டியையோ, மேலே போட்டிருக்கும் ஸ்வெட்டரையோ உருவிக் கழற்றவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, உடுத்திய துணியோடு அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.