வெயில் பெற்ற பிள்ளை

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்து நிற்கிறது கோட்டை மதில். பல நூற்றாண்டு வெயிலைக் கண்ட கல் வேலி அது. இன்று கொல்லைக்கும் தோட்டத்துக்கும் பி.வி.சி. வேலி வந்திருக்கிறது. துரு ஏறாது, கறையான் தொடாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் செஞ்சி வெயிலைத் தாங்குமா?

இதன் பிறப்பே ஒரு விந்தை. 1872-ல் ஜெர்மன் விஞ்ஞானி யூஜின் பௌமான் குடுவையில் வைத்திருந்த வினைல் குளோரைடு வாயு, வெயில் பட்டு வெள்ளைப் பொருளாக உறைந்தது. அதுதான் பி.வி.சி.!

பெற்ற வெயிலே இதற்குச் சத்துருவும் கூட. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகும். பிறகு மொறுமொறுத்து உடையும். இதைத் தடுக்கும் கவசம் டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் வெள்ளைப் பொடி. வேலிச் சட்டத்தில் இதைத் தாராளமாகக் கலப்பார்கள். மண்ணில் புதைக்கும் தண்ணீர்க் குழாயில் அவ்வளவு இராது. மலிவென்று அந்தக் குழாயை வேலிக் காலாக நட்டால் பணம் வீண்தான்.

இன்னொன்று: 30 டிகிரி உஷ்ணம் ஏறினால் பத்தடிச் சட்டம் சுமார் அரை சென்டிமீட்டர் நீளும். இடுக்கு விடாமல் பொருத்தினால் வளைந்துவிடும்.

ஆகவே வேலி வாங்கும் அன்பர்களே, விலையோடு வெள்ளைப் பொடியையும் விசாரியுங்கள்!