ஒரு தீவு, இரண்டு வெள்ளைக்கண்ணிகள்

மொரீஷியஸில் எந்த ஊர்த் தோட்டத்துக்குப் போனாலும், சாம்பல் நிறக் குருவிக் கூட்டம் ஒன்று ஓயாமல் கீச்சிட்டபடி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கும். உடல் நீளம் ஏறத்தாழ 10 செ.மீ.தான். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை பளிச்சிடும். ஊரார் 'பிக்-பிக்' என்று அழைக்கும் சாம்பல் வெள்ளைக்கண்ணி இது. இதன் உறவுக்காரப் பறவையான ஆலிவ் வெள்ளைக்கண்ணியைப் பார்க்க, தென்மேற்கு மலைக்காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் கண்ணில் படுவது அரிது.

இரண்டும் ஒரே பேரினம். இரண்டுமே மொரீஷியஸைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆனால் ஒன்று செழித்துப் பெருக, மற்றொன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

தேன் தேடும் அலகு

சாம்பல் பறவைக்குப் பூச்சி, பழம், பூந்தேன் எது கிடைத்தாலும் போதும். அந்நியச் செடியிலும் கூடு கட்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும், நீண்டு வளைந்த அலகும் கொண்ட ஆலிவ் பறவை பூந்தேனையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஏதாவது ஒரு காட்டு மரம் எப்போதும் பூத்திருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. கரும்புக்காகவும் தேயிலைக்காகவும் காடு அழிக்கப்பட்ட அந்தத் தீவிலோ, நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு.

எஞ்சிய காட்டிலும் நிம்மதி இல்லை. கப்பலில் வந்திறங்கிய எலிகள் கூடேறி முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. நமக்குப் பழக்கமான செம்மீசைச் சின்னானும் 1892இல் அங்கே கொண்டுபோகப்பட்டு, இரைக்குப் போட்டியாகிவிட்டது. 1975இல் சுமார் 350 ஜோடிகளாக இருந்த ஆலிவ் வெள்ளைக்கண்ணி, 2001 கணக்கெடுப்பில் 93 முதல் 148 ஜோடிகளாகச் சுருங்கியது.

எலியில்லாத் திட்டு

மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை, ஆபத்திலிருந்த கூடுகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்துக் கையால் வளர்த்தது. 2006 முதல், எலி ஒழிக்கப்பட்ட ஈல் ஓ ஸெக்ரெத் என்ற சிறு திட்டில் அவற்றை விட்டது. தேன்நீரும் வைத்தது. பறவைகள் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன.

மகத்தான வேலை இது. ஆனால் அந்தத் திட்டின் பரப்பு 26 ஹெக்டேர்தான். ஓர் இனத்தின் எதிர்காலத்தை அது மட்டுமே தாங்கிவிடாது. பெருந்தீவின் காட்டில் எலியை அடக்கி, பூக்கும் சொந்த மரங்களை மீண்டும் வளர்த்தாக வேண்டும்.

தோட்டத்தில் பறவைச் சத்தம் கேட்பதாலேயே காடு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எதையும் தின்று பிழைக்கும் பறவையின் பெருக்கம், காட்டை மட்டுமே நம்பிய பறவையின் வீழ்ச்சியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். காட்டின் நலத்தை அளக்க வேண்டுமானால், ஆலிவ் வெள்ளைக்கண்ணியைத்தான் எண்ண வேண்டும்.