பிள்ளையும் பள்ளியும்: கணிப்பொறிக்குள் ஒரு நடு ஏடு

தோட்டப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குச் சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதற்குக் காரணம் என்று கட்டம் கிழித்த தடித்த ஏடு அது. காரணக் கட்டத்தில் அடிக்கடி காணப்படுவது, பெற்றோர் தோட்டம் மாறினர் என்பதே.

அதற்கு வரலாறு உண்டு. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் தோட்டத்துக்கொரு பள்ளி முளைத்தது. பிறகு 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, குடும்பங்கள் வேலை தேடி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ந்தன. ஒரு பிள்ளை பல பள்ளிகளில் படித்தது. ஒரு பள்ளியிலோ பல பிள்ளைகள். இப்படி இரு பக்கமும் பலவாக நிற்கும் உறவைக் கணிப்பொறியில் எழுதுவது எப்படி என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970இல் வகுத்துக் கொடுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். ஒரு கட்டத்தில் ஒரே செய்தி என்பது அம்முறையின் அடிப்படை. பிள்ளையின் கட்டத்தில் "எல்ஃபில், டோவன்பி" என்று இரு பள்ளிகளின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால், எல்ஃபில் தோட்டப் பள்ளியில் படித்தவர் யார் யார் என்று கேட்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துப் படிக்க வேண்டிவரும். ஆகவே பிள்ளைகளுக்கு ஓர் அட்டவணை, பள்ளிகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு பிள்ளையின் எண்ணும் ஒரு பள்ளியின் எண்ணும் இருக்கும். நமது சேர்க்கைப் பதிவேட்டின் உயிரான பகுதி இதுதான்.

இன்று நிரல் எழுதுவோர் அட்டவணையாக எண்ணுவதில்லை. பிள்ளை ஒரு பொருள், பள்ளி ஒரு பொருள், ஒன்று மற்றவற்றின் பட்டியலைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்றே எண்ணுகிறார்கள். பொருளையும் அட்டவணையையும் பொருத்திவைக்கும் மொழிபெயர்ப்பாளர்களாக ஹைபர்னேட் 2001இலும், ரெயில்ஸ் 2004இலும், ஜாங்கோ 2005இலும் வந்தன. பலவும் பலவும் என்று ஒரு வரி எழுதினால் போதும், நடு அட்டவணையின் வரிகளை அவையே சத்தமில்லாமல் எழுதிக்கொள்ளும். வசதிதான். ஆனால் கண்ணில் படாத ஏட்டை யார் சரிபார்ப்பார்கள்?

ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு முதன்மைச் சாவி வேண்டும். எந்த இரு வரிகளுக்கும் ஒன்றாக அமையாத அடையாளமே சாவி. நடு அட்டவணைக்குப் பிள்ளை எண்ணையும் பள்ளி எண்ணையும் சேர்த்தே சாவியாக்குவது வழக்கம். அதே பிள்ளையை அதே பள்ளியில் இருமுறை எழுதிவிடும் பிழை இதனால் தடுக்கப்படுகிறது.

இங்கேதான் சிக்கல். எல்ஃபிலில் படித்த சிறுமி டோவன்பிக்குப் போய், ஈராண்டு கழித்து எல்ஃபிலுக்கே திரும்பினாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இணை முன்பே இருக்கிறது என்று கணிப்பொறி மறுத்துவிடும். எழுத்தர் என்ன செய்வார்? பழைய வரியில் புது நாளை எழுதுவார். முதற் சேர்க்கை மறைந்துபோகும். ஆகவே சேர்ந்த நாளும் சாவியில் இடம்பெற வேண்டும். அல்லது ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி வரிசை எண் தரலாம். தனி எண் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர், அது தவறு. பிள்ளை, பள்ளி, சேர்ந்த நாள் மூன்றும் சேர்ந்து மறுமுறை வரலாகாது என்ற விதியையும் எழுதாவிட்டால், பொத்தானை இருமுறை அழுத்திய எழுத்தரால் ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு இரு சேர்க்கை உண்டாகும்.

கருவிகள் இதில் ஒரே வழியில் நடப்பதில்லை. ரெயில்ஸின் எளிய முறையில் நடு அட்டவணைக்குத் தனி எண் கிடையாது; நாளைக் குறிக்க வேண்டுமானால் சேர்க்கையையே ஒரு தனிப் பொருளாக எழுத வேண்டும். ஜாங்கோ தானே ஒரு தனி எண்ணையும், இணை இரட்டிக்காதபடி ஒரு தடையையும் வைக்கும். நடுப்பொருளை நாம் எழுதினாலோ தடை நம் பொறுப்பாகிவிடும். கூட்டுச் சாவிக்கு ரெயில்ஸ் 2023இலும் ஜாங்கோ 2025இலும்தான் நேரடியாக இடம் கொடுத்தன. ஹைபர்னேட்டில் வரிசை குறிக்காத பட்டியலாக எழுதினால், ஒன்றை நீக்கும்போது அந்தப் பிள்ளையின் நடு வரிகள் அனைத்தையும் அழித்து, எஞ்சியவற்றைத் திரும்ப எழுதும். நாள் கட்டத்தை யாரேனும் அட்டவணையில் தனியே சேர்த்திருந்தால் அதுவும் போயிற்று! கணமாக எழுதினால் ஒரு வரி மட்டுமே நீங்கும்.

இனி, பிள்ளையின் எண் எது? அடையாள அட்டை எண்ணையே சாவியாக்கலாமே என்று தோன்றும். பன்னிரண்டு இலக்கங்கள்; முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம்மவரிடையே உண்டு என்பதைத் தலைமையாசிரியர் எவரும் அறிவார். எண் இல்லாத பிள்ளைக்குப் பிள்ளை அட்டவணையில் வரி இல்லை. அங்கே இல்லாதவளுக்கு நடு அட்டவணையிலும் இடமில்லை. வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவள் கணிப்பொறியில் பிறக்கவேயில்லை!

தோட்டத்துக் கிராணி இதைப் படிக்காமலே அறிந்திருந்தார். பெரட்டில் இரண்டு முனுசாமிகள் நின்றால், செக்ரோலில் ஆளுக்கோர் எண் கொடுத்துப் பிரித்தார். அந்த எண்ணுக்கு ஊர், பிறப்பு, சாதி எதுவும் தெரியாது. விலகியவரின் எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தால் மட்டும் கணக்கு குழம்பும், கணிப்பொறியிலும் அப்படியே.

ஆகவே பள்ளி தானே கொடுக்கும் பொருளற்ற எண்தான் சாவியாக இருக்கட்டும். அடையாள அட்டை எண் பிள்ளை அட்டவணையில் ஒரு சாதாரணக் கட்டம், வெறுமையாகவும் இருக்கலாம். பல ஆண்டு அலைந்தபின் அவள் பத்திரம் கைக்கு வரும் நாளில் அந்த ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும். எல்ஃபில், டோவன்பி, மறுபடி எல்ஃபில் என்ற அவளுடைய மூன்று வரிகளும் இருந்தபடியே இருக்கும்.