புதிய செயலிக்காகக் காத்திருக்கலாமா?

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் பாறசாலை, அதற்கப்பால் அமரவிளை, பின்னர் நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே, எல்லையோரச் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழராயினர். அவ்வூர்களிலிருந்து தொழில் தேடித் தில்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் சென்றவர்களும் உளர்.

அவ்வாறு சென்றோரை ஊரிலுள்ள உறவினர் இப்பொழுது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வேண்டும். இப்போதே வாங்கி அனுப்புவாயா? புதிய செயலி வைத்த மாதிரி வரப்போகிறதாமே, அதுவரை பொறுத்திருக்கலாமா?’ என்பதே அக்கேள்வி. எளிய குடும்பத்திற்கு மடிக்கணினி சீட்டுப் பணம் எடுத்து வாங்கும் பொருள். தவறாக வாங்கினால் நான்கைந்து ஆண்டுகளுக்கு மாற்ற வழியில்லை. வாங்காமல் காத்திருந்தாலோ பிள்ளையின் ஒரு கல்வியாண்டு கழிந்துவிடும். இரண்டும் இழப்பே. எனவே, செயலி என்பது யாது, புதிய செயலி எவ்வாறு வருகிறது, அதற்காகக் காத்திருப்பது எப்பொழுது பொருந்தும் என்பவற்றை நாம் சற்று ஆராய்வோம்.

கடைக்காரர் ‘ப்ராசசர்’ என்று கூறுவதையே நாம் செயலி என்கிறோம். நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளரால் வளர்ந்த ஊர் அது. அந்தத் தறியையே உவமையாகக் கொள்வோம். செயலி என்பது நெசவாளி அமர்ந்த தறி. கைக்கு எட்டும் தொலைவில் அடுக்கி வைத்த நூல்தான் ராம் எனப்படும் நினைவகம். பின்கட்டில் உள்ள நூல் கிடங்குதான் கோப்புகளைக் காக்கும் சேமிப்பகம். தறி எத்துணை விரைவாக ஓடினாலும், நூல் வந்து சேரத் தாமதமானால் நெசவு நின்றுவிடும் அன்றோ?

மடிக்கணினியிலும் இதுவே நிகழ்கிறது. ‘கணினி மெதுவாக ஓடுகிறது’ என்று நாம் குறை கூறும்போது, பெரும்பாலும் குற்றம் செயலியுடையதன்று. நினைவகம் 4 ஜிபி மட்டுமே இருக்கும்; அல்லது சேமிப்பகம் பழைய சுழல் தட்டாக இருக்கும். புதிய செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட கணினியை விட, முந்தைய செயலியும் 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் கொண்ட கணினி மாணவனுக்கு நன்கு உழைக்கும். பல மெல்லிய மாதிரிகளில் நினைவகத்தைப் பிறகு கூட்டவும் இயலாது. ஆதலால் வாங்கும்போதே இதனைக் கேட்டறிதல் நன்று.

இனி, புதிய செயலிகள் ஏன் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன என்பதைப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டில் கோர்டன் மூர் என்னும் அமெரிக்க அறிஞர், ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இருமடங்காகி வருவதைச் சுட்டிக் காட்டினார். 1975இல் அதனை இரண்டாண்டுக்கு ஒரு முறை எனத் திருத்தினார். 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் அத்தொகை 1,600 கோடி. இவ்வளர்ச்சி நிற்கவில்லை, ஆயினும் அதன் பயன் நம் கைக்கு வரும் விதம் மாறியிருக்கிறது. முன்பு ஒவ்வொரு புதிய செயலியும் துடிப்பு வேகத்தில் பெரிதும் உயர்ந்து வந்தது. 2005ஆம் ஆண்டையொட்டி அவ்வேகம் வெப்பத்தின் காரணமாகத் தடைப்பட்டது. அதன்பின் ஒரே சில்லில் பல உள்ளகங்களை வைப்பதும், குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேலை வாங்குவதுமே வளர்ச்சியின் வழியாயிற்று. ஆகவே இன்று ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையேயுள்ள வேறுபாடு, பாடம் படித்தல், கட்டுரை எழுதுதல், கணக்கிடுதல் போன்ற வேலைகளில் அரிதாகவே கண்ணுக்குத் தெரியும். மின்கலம் நெடுநேரம் தாங்குவதையே புதிய செயலியின் மெய்யான நன்மை எனலாம்.

அறிவிப்புக்கும் கடைக்கும் உள்ள தொலைவையும் மறந்துவிடலாகாது. ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரிலும், வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் தைப்பே நகரிலும் பெரிய கண்காட்சிகள் நடைபெறுகின்றன. இன்டெல், ஏ.எம்.டி., குவால்காம் முதலிய நிறுவனங்கள் தம் புதுச் செயலிகளை அங்கே பறைசாற்றுகின்றன. செய்தி அன்றே நம் காதுக்கு எட்டிவிடுகிறது; பொருளோ அவ்வாறு எட்டுவதில்லை. முதலில் அச்செயலி விலையுயர்ந்த மாதிரிகளில் இடம்பெறும். எளியோர் வாங்கும் விலைக்கு இறங்கி வருவதற்கு மேலும் பல மாதங்கள் செல்லும். அதற்குள் அடுத்ததன் அறிவிப்பு வந்துவிடும். அறிவிப்பைக் கேட்டுக் காத்திருப்பவர் என்றும் காத்திருப்பவராகவே ஆகிவிடுவார்.

பெயர் புதிது என்பதாலேயே பொருளும் புதிது என்று கொள்வதற்கில்லை. இன்டெல் செயலிகளின் பழைய பெயர் முறையில், ஐ5-8250 என்றிருந்தால் சிறு கோட்டின் பின்வரும் 8 என்பது எட்டாம் தலைமுறை; ஐ5-1235 என்றிருந்தால் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. ‘ஐ7 என்றால் உயர்வு, ஐ3 என்றால் தாழ்வு’ என்று மட்டும் கருதுவது பிழை. ஆறாம் தலைமுறை ஐ7ஐ விடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 பெரும்பாலான வேலைகளை விரைந்து முடிக்கும். ஏ.எம்.டி. நிறுவனம் 2023ஆம் ஆண்டு மாதிரிகளுக்கென வகுத்த எண் முறையிலோ, முதல் இலக்கம் மாதிரியின் ஆண்டையும் மூன்றாம் இலக்கம் உள்ளமைப்பையும் குறிக்கும். ரைசன் 5 7520 என்பதன் முதல் இலக்கமாகிய 7 புதுமையைக் காட்டுகிறது. மூன்றாம் இலக்கமாகிய 2, அதன் உள்ளமைப்பு 2019இல் வெளிவந்த ஜென் 2 என்பதைக் காட்டுகிறது. இத்தகைய செயலி கெட்டதென்பது நம் கருத்தன்று. புதியதற்குரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டா என்பதே கருத்து.

செயற்கை நுண்ணறிவுக்கென்று தனி உறுப்பு பொருத்திய செயலிகளைப் பற்றியும் இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய புதுவகைக் கணினிகளுக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் செய்யவல்ல அத்தகைய உறுப்பு கட்டாயமாக்கப்பட்டது. பள்ளி மாணவனுக்கு இது இன்றியமையாததன்று. இணையத்தின் வழியே நாம் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவுப் பணிகள் பலவும் தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் நடைபெறுகின்றன. அவற்றிற்கு நம் மேசையிலுள்ள செயலி ஒரு வாயில் மட்டுமே.

செயலியின் தலைமுறையை உறுதியாகக் கவனிக்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. நகரங்களில் அலுவலகங்கள் கழித்த மடிக்கணினிகளை வாங்கி ஊருக்கு அனுப்புவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017இல். எனவே பழைய கணினி வாங்குவோர் அந்த எல்லைக்கோட்டுக்கு இப்புறம் நிற்பதே நலம்.

எனினும் அதற்கும் முந்திய கணினி வீட்டில் இருந்தால் அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. கேரளப் பள்ளிகளில் 2001இல் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியது. 2017இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வழங்கத் திட்டமிடப்பட்டது. அப்பள்ளிகளில் நடைபெறும் கணினிக் கல்வி லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைச் சார்ந்தது. அதனை விலையின்றிப் பெறலாம். பழைய செயலிகளிலும் அது பணிபுரியும். கேரளத்தில் தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் தமிழில் வெளியிடப்படுகின்றன. அப்பிள்ளை தமிழில் தட்டச்சுச் செய்வதற்கோ, பாடநூலைத் திரையில் படிப்பதற்கோ புதிய செயலி எதுவும் வேண்டுவதில்லை. பள்ளியில் உள்ள அதே மென்பொருளை வீட்டுக் கணினியிலும் நிறுவிக்கொண்டால் பயிற்சி இரட்டிப்பாகும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், எல்லைக்கு இப்பால் ஒரு வரி, அப்பால் ஒரு வரி என்றிருந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்த பிறகு, மடிக்கணினிக்கு இரு மாநிலங்களிலும் வரி நூற்றுக்கு 18தான். ஆகையால் வரிக்காக எல்லை தாண்டுவதில் இலாபமில்லை. பழுது பார்க்கும் நிலையம் எங்கே அருகிலுள்ளது என்று பார்த்து வாங்குவதே இலாபம். ‘பொறுத்தால் விலை இறங்கும்’ என்பதும் எப்போதும் உண்மையாவதில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. பொறுத்தவர் அன்று கூடுதலாகவே கொடுக்க நேர்ந்தது.

அவ்வாறாயின் எப்பொழுதுதான் காத்திருக்கலாம்? கையிலுள்ள கணினி இன்னும் உழைத்துக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். புதிய மாதிரி இந்தியக் கடைகளுக்கு வரும் நாளும் அதன் விலையும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தால் சில வாரங்கள் காத்திருக்கலாம். அது வந்ததும் முந்தைய மாதிரியின் விலை இறங்கக்கூடும். பொறியியல் வரைபடம், திரைப்படத் தொகுப்பு போன்ற கடும் வேலை உடையவர் காத்திருக்கலாம். ஜூனில் பள்ளி திறக்கையில் கணினி வேண்டும் என்னும் மாணவனுக்கு இம்மூன்றும் பொருந்தா. அவனுக்கு இன்று கிடைக்கும் நல்ல கணினியே சிறந்த கணினி.

இறுதியாக, நாம் உண்மையிலேயே ஆவலோடு எதிர்நோக்க வேண்டிய செயலிகள் சில உண்டு. அவை பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே உருவாகி வருகின்றன. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் ‘வேகா’ என்ற வரிசையில் செயலிகளை வடிவமைத்துள்ளது. அவ்வரிசையில் தேஜஸ் 32 நொடிக்கு 10 கோடித் துடிப்பு உடையது. 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட துருவ் 64 நொடிக்கு 100 கோடித் துடிப்பும் இரண்டு உள்ளகங்களும் உடையது. அதே நகரிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகரைச் சார்ந்த குறைக்கடத்தி ஆய்வகமும் சேர்ந்து ஆக்கிய விக்ரம் 3201 ராக்கெட்டுகளைச் செலுத்துவதற்கானது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய ‘சக்தி’ச் செயலி 2018இல் சில்லாக வெளிவந்தது.

இவை இன்று கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் இடம்பெறுபவை அல்ல. அளவீட்டுக் கருவிகள், தொழிற்சாலைப் பொறிகள், விண்கலங்கள் போன்றவற்றை நோக்கியவை. திருவனந்தபுரத்து மண்விளையில் கெல்ட்ரான் பங்கேற்புடன் உருவான கோக்கானிக்ஸ் மடிக்கணினியிலும் செயலி அயல்நாட்டதே. ஆயினும் வேகாவும் சக்தியும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த ஆணைத் தொகுதியின் மேல் எழுந்தவை. 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அத்தொகுதியை எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். அதனைக்கொண்டு தாமே ஒரு செயலியை வடிவமைத்து, கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அதற்குத் தேவையான மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எட்டு ஜிபி நினைவகம் கொண்ட எளிய மடிக்கணினியே அத்தகைய பயிற்சிக்குப் போதும்.

ஆதலின், வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் ஊரிலிருந்து கேள்வி வரும்போது தயங்க வேண்டுவதில்லை. நினைவகத்தைப் பாருங்கள், தலைமுறையைப் பாருங்கள், பழுது பார்க்கும் இடத்தைப் பாருங்கள், பள்ளி திறக்குமுன் வாங்கி அனுப்புங்கள். வரப்போகும் செயலி வரட்டும். எல்லையோரத்துப் பிள்ளை அதற்காகக் காத்திருக்க வேண்டா. அது எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை அதற்குள் கற்றுக்கொள்ளட்டும்.