ஒட்டகத்தைக் கட்டிவிட்டீர்களா?



பாடசாலை விடுமுறை நெருங்கினால் கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளுக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். நுவரெலியா, கண்டி, காத்தான்குடி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயணப் பேச்சு நடக்கும். பிள்ளைகள் நாட்களை எண்ணுவார்கள். உம்மாமார் பாய், போர்வை, சோற்றுப் பார்சல் என்று கணக்குப் போடுவார்கள். இத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவில் வீட்டுத் தலைவியின் மனதில் மட்டும் ஒரு முள் குத்திக்கொண்டிருக்கும். நாலு நாளைக்கு முன்னர் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது, "கியர் கொஞ்சம் இடிக்கிற மாதிரி இருக்கு, பரவாயில்ல" என்று சொன்னாரே, அந்தச் சொல்தான் அந்த முள்.

நடு இரவில் விழிப்பு வருகிறது. மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? கைக்குழந்தையோடு மழையில் நிற்பதா? வயதான மாமியை எப்படி இறக்குவது? கணவரிடம் சொன்னால், "உனக்கு எப்பவும் பயம்தான்" என்று சிரித்துவிடுவாரோ?

சகோதரியே, இந்தக் கவலையை வஸ்வாஸ் என்று தள்ளிவிடாதீர்கள். வஸ்வாஸ் என்பது செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலும் மனதைக் குடைந்துகொண்டிருப்பது. உங்கள் கவலைக்கோ செய்வதற்கு வேலை இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா, கட்டிவிட்டுச் சாட்டட்டுமா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டும்படியும் பிறகு பொறுப்புச் சாட்டும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. நம் காலத்து ஒட்டகத்துக்கு நான்கு சக்கரங்கள். அதைக் கட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மோட்டார் இயந்திரம் படித்தவன் அல்லன். மத்ரஸாவில் அறபு இலக்கணம் கற்பிக்கிறவன். ஆனாலும் குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை விசாரித்து அறிந்துகொள்ள, கராஜில் வேலை செய்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

வயதேறிய வாகனங்கள்

நம் நாட்டில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. அதனால் பத்து, பதினைந்து, இருபது வருடங்கள் ஓடிய வேன்களும் கார்களும்தான் நம் வீடுகளில் அதிகம். மாற்ற வேண்டிய ஒயிலையும் தேய்ந்த பாகத்தையும் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்ட வீடுகளும் குறைவில்லை.

"வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தாச்சு, புகைப் பரிசோதனையும் பாஸ்" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். 2008 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பரிசோதனை புகையை மாத்திரமே பார்க்கிறது. கியர் பொக்ஸ் எப்படி இருக்கிறது, பிரேக் எப்படி இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

சமதரையில் மறையும் நோய்

"கொழும்பில் நல்லாத்தானே ஓடுது" என்பது பல ஆண்கள் சொல்லும் பதில். கிராண்ட்பாஸில் இருந்து பஞ்சிகாவத்தைக்கும், கொட்டாஞ்சேனைக்கும், மருதானைக்கும் போய்வரும் வண்டி பெரும்பாலும் சமதரையில், நெரிசலில், மெதுவாகத்தான் ஓடுகிறது. அங்கே பலவீனமான கிளச்சும் ஒப்பேற்றிவிடும். களனிப் பாலத்தைக் கடந்து கண்டி வீதியில் நிட்டம்புவை, வரக்காப்பொளை, கேகாலை என்று போகும்போதும் பெரிய கஷ்டம் தெரியாது. மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும்போது, பத்துப் பேரும் அவர்களுடைய பொதிகளும் உள்ள வேனில், மறைந்திருந்த நோய் வெளிப்படும். நகரத்தில் ஒழுங்காக ஓடுவது மலைக்குப் போதுமான அத்தாட்சி ஆகாது.

நீங்களே காணக்கூடிய அடையாளங்கள்

வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீங்கள் நான்கு விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, கியர் போட்ட பிறகு வண்டி நகரத் தாமதிப்பது, அல்லது ஓர் இடியுடன் பாய்வது.

இரண்டு, இயந்திரம் உரத்து இரைகிறது, ஆனால் வண்டியின் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை. கிளச் பிளேட் தேய்ந்து வழுக்கும்போதும், ஓட்டோ கியர் உள்ளே வழுக்கும்போதும் இப்படித்தான் இருக்கும்.

மூன்று, ஏற்றத்தில் வரும் கருகல் நாற்றம். சமையலறையில் அடிப்பிடிப்பதை முதலில் உணர்கிற மூக்கு உங்களுடையது. வண்டியிலும் அதை நம்புங்கள்.

நான்கு, நிறுத்திய இடத்தில் படியும் ஒயில். இரவு வண்டியின் கீழே ஒரு பழைய கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்து, ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் மட்டும் என்றால் அது ஏசியில் இருந்து வடிந்ததாக இருக்கலாம். சிவப்பாகவோ கபில நிறமாகவோ பிசுபிசுப்பாகப் படிந்திருந்தால் கராஜில் காட்டத்தான் வேண்டும்.

எந்த வகைக் கியர்?

கையால் மாற்றும் கியர் வண்டியில் முதலில் தேய்வது பெரும்பாலும் கிளச் பிளேட்தான். அனுபவமுள்ள சாரதி வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விட்டால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. இதை ஒரு தடவை செய்து பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளச்சும் கெட்டுவிடும்.

ஓட்டோ கியரின் முதல் எதிரி வெப்பம். அதன் ஒயில் பொதுவாகத் தெளிந்த சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகிய வாசனை அடித்தால் உள்ளே பாதிப்பு தொடங்கிவிட்டது. சில வண்டிகளில் அளவுகோல் கம்பியை இழுத்துப் பார்க்கலாம். பல புதிய வண்டிகளில் அந்தக் கம்பியே இல்லை. கராஜில்தான் பார்க்க முடியும்.

வெகன் ஆர், விட்ஸ் போன்ற சிறிய ஜப்பான் கார்களில் பெரும்பாலானவற்றில் பல்சக்கரக் கியர்களுக்குப் பதிலாக, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டி ஓடுகிறது. சீவீடீ என்று சொல்வது இதைத்தான். இதற்குரிய ஒயில் வேறு. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கும். வண்டியுடன் வந்த கையேடு ஜப்பான் மொழியில் இருப்பதால் பலர் அதைத் திறப்பதே இல்லை. எந்த ஒயில் என்பதை அதிலிருந்து உறுதிசெய்து ஊற்றும்படி கேளுங்கள்.

ஹொண்டா வெஸல் ஹைபிரிட் வண்டிகளில் இரட்டைக் கிளச் கொண்ட கியர் பொக்ஸ் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திருத்துவதற்காக அந்த நிறுவனம் 2014இல் ஜப்பானில் வண்டிகளைத் திருப்பி அழைத்தது. இவ்வகை வண்டியை மலைப்பாதை நெரிசலில் ஆக்ஸிலேட்டரை மிதித்தே பிடித்து வைத்திருக்கக் கூடாது. பிரேக்கைப் போட்டு நிறுத்தி, முன் வண்டி போதிய தூரம் நகர்ந்த பின் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளச் சூடேறிவிடும்.

ஏற்றத்தை விட இறக்கம்

நம் கவலையெல்லாம் வண்டி ஏறுமா என்பதில்தான் இருக்கிறது. ஏற முடியாத வண்டி நின்றுவிடும். சிரமம்தான், ஆனால் உயிர் பிழைத்திருக்கும். இறக்கத்தில் நிற்க முடியாத வண்டியின் கதை வேறு.

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டியின் உயரம் ஏறக்குறைய 500 மீற்றர். றம்பொடை, புஸ்ஸல்லாவை வழியாக 1,300 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். ஆட்களோடும் பொதிகளோடும் இரண்டாயிரம் கிலோ எடையுள்ள வேன் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்குப் போட்டால், 80 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வலீமாச் சமையலின் பெரிய பானையை நினைத்துப் பாருங்கள். அந்த வெப்பத்தில் ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போனாலும், மீதியை யாராவது தாங்க வேண்டும். சாரதி பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும்.

இங்கேதான் கியர் பொக்ஸ் இரண்டாவது பிரேக்காக வேலை செய்கிறது. சின்னக் கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பிடித்து வைக்கும். ஓட்டோ வண்டிகளில் இதற்காகவே '2', 'எல்', 'எஸ்' போன்ற நிலைகள் உண்டு. பிரியஸ், அக்வா வண்டிகளில் 'பி' என்ற நிலை இருக்கிறது. இந்த எழுத்துகளைப் பல வருடங்களாகப் பார்த்தும் ஒரு தடவை கூடத் தொடாத சாரதிகள் உண்டு. அதைவிட மோசம், பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. அது இருக்கிற இரண்டு பிடிகளில் ஒன்றை நாமே கழற்றி எறிவதற்குச் சமம்.

2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மரணித்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் விழுந்து 15 பேர் மரணித்தார்கள். அவற்றின் காரணங்களைத் தீர்ப்பது நம் வேலையல்ல. மலைப்பாதை எவ்வளவு குறைவாக மன்னிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நம் வேலை.

இரண்டு வாரத்துக்கு முன்னரே

வண்டியை நாளைக்குப் பயணம் என்றால் இன்றைக்குக் கராஜுக்குக் கொண்டுபோவது நம்மவர் வழக்கம். கிளச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தையில் தேட ஒரு நாள் போகும். மாற்றிய பின் சில நாட்கள் ஓட்டிப் பார்த்தால்தான் வேலையின் தரம் தெரியும். எனவே இரண்டு வாரத்துக்கு முன்னரே காட்டுங்கள்.

கணவரிடம் எப்படிச் சொல்வது? "உங்களுக்கு வண்டி பார்க்கத் தெரியாது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குறிப்பாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கியர் ஒயில் கடைசியாக எப்போது மாற்றினோம்? பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இறக்கத்தில் எந்தக் கியரில் வரப் போகிறோம்? பயத்தைச் சொன்னால் அவர் ஆறுதல் சொல்வார். கேள்வியைக் கேட்டால் பதில் தேடிப் போவார்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் புது உடுப்புக்கும் ஹோட்டல் அறைக்கும் பணம் ஒதுக்கும்போது, பிரேக்குக்கும் கிளச்சுக்கும் முதலில் ஒதுக்குங்கள். உடுப்பு பழசாக இருந்தாலும் பயணம் நடக்கும்.

வழியில் நின்றுவிட்டால்

கருகல் நாற்றம் வந்தாலோ சூட்டு முள் ஏறினாலோ, அகலமான இடத்தில் ஓரங்கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாதையின் பக்கம் இறக்காமல் உட்பக்கமாக இறக்குங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான றேடியேட்டரின் மூடியைத் திறக்க விடாதீர்கள். ஓட்டோ கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர் பொக்ஸ் முழுதாகக் கெட்டுவிடக் கூடும். லொறியில் ஏற்றிக் கொண்டுபோவதே நல்லது. யாருக்காவது அடிபட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், பொலிஸ் உதவிக்கு 119 என்ற இலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் மனனம் செய்து கொடுங்கள்.

தொழுகைக்காக மாவனல்லையில் ஒரு பள்ளிவாசலில் நிறுத்துவதை, பிந்திவிட்டோம் என்று எண்ணாதீர்கள். பயணிக்கு மார்க்கம் தந்த சலுகையின்படி தொழுது, சற்று அமர்ந்து எழும்புவதற்குள் சாரதியும் களைப்பாறுவார், வண்டியும் சூடு தணியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகளால் மலையகப் பாதைகள் பல அடைபட்டதைக் கண்டோம். ஆகவே மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்றும் புறப்படும் முன் விசாரியுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் கராஜ்காரர், "கொழும்புக்குள்ளே ஓடலாம், மலைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? அந்த வண்டியை விட்டுவிட்டு நல்ல வேன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அல்லது அந்த வருடம் காலிக் கடற்கரையோடு திருப்தி அடையுங்கள். சொந்தக்காரர் என்ன நினைப்பார்கள், பிள்ளைகள் அழுவார்களே என்பதெல்லாம் இரண்டு நாள் பேச்சு. வண்டிக்குள் ஏறி உட்காரும் ஒவ்வோர் உயிரும் ஓட்டுகிறவருடைய கையில் அமானிதம். "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அந்த அமானிதத்தைச் சேர்ந்தது. வீட்டில் அந்தச் சொல்லை முதலில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

வண்டி சரி, சாரதி சரி, பாதை சரி என்றால் பிரயாண துஆவை ஓதிப் புறப்படுங்கள். அதன் பின்னும் மனம் படபடத்தால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கட்ட வேண்டியதைக் கட்டியாகிவிட்டது. மீதி அல்லாஹ்வின் பொறுப்பு. உங்கள் பயணங்களையெல்லாம் அவன் ஸலாமத்தானதாக ஆக்கி, சென்றவர்கள் அனைவரையும் சுகமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.