வெள்ளைக் காகிதம், சிவப்புக் காகிதம்

சாந்த்ராகாச்சி என்ற ஊர் மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே ரயில் போகிறது. அதற்குப் பக்கத்தில் சிப்பூர். அங்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு பெரிய பூங்கா உண்டு. அதில் உள்ள ஆலமரம் உலகப் புகழ் பெற்றது. பூங்கா வருவதற்கு முன் அந்தக் கரையில் தானா என்ற கோட்டை இருந்தது.

1757 ஜனவரி 1 அன்று ஆங்கிலேயரின் கப்பல்கள் அங்கே வந்தன. கோட்டையில் இருந்த நவாபின் வீரர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மறுநாள் கல்கத்தா நகரம் ஆங்கிலேயர் வசம் ஆனது. அந்தப் படை சென்னையிலிருந்து போன படை. ராபர்ட் கிளைவ் அதன் தளபதி. வாட்சன் கப்பல் படைத் தலைவர்.

சண்டை ஏன் வந்தது?

ஆங்கிலேயர் வியாபாரம் செய்யத்தான் வங்காளத்துக்கு வந்தார்கள். வரி கட்டாமல் வியாபாரம் செய்தார்கள். அனுமதி இல்லாமல் கோட்டையைப் பலப்படுத்தினார்கள். நவாப் சிராஜ் உத்தௌலா கோபம் கொண்டார். 1756 ஜூன் மாதம் கல்கத்தாவைப் பிடித்தார். அதை மீட்கத்தான் கிளைவ் வந்தார்.

ஓர் உடன்படிக்கை

1757 பிப்ரவரி 9-ல் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. ஆங்கிலேயரின் பழைய உரிமைகளைத் தருவதாக நவாப் ஒப்புக்கொண்டார். நட்பாக இருப்போம் என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் மனதில் நம்பிக்கை இல்லை. அடுத்த மாதமே ஆங்கிலேயர் சந்தன்நகரைத் தாக்கிப் பிடித்தார்கள். அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். நவாபுக்கு அது பிடிக்கவில்லை. அவரும் பிரெஞ்சுக்காரர்களுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினார். காகிதத்தில் நட்பு, உள்ளத்தில் பகை.

இரண்டு காகிதங்கள்

கிளைவ் நவாபின் தளபதி மீர் ஜாபரோடு ரகசியமாகப் பேசினார். மீர் ஜாபர் போரில் ஒதுங்கி நிற்க வேண்டும். பிறகு அவரே நவாப் ஆகலாம். அதற்குப் பதிலாகக் கம்பெனிக்கு 1 கோடி ரூபாய் தர வேண்டும். கடவுள் பெயரால் சத்தியம் செய்து மீர் ஜாபர் கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பேச்சு உமிசந்த் என்ற பெரிய வியாபாரிக்குத் தெரியும். அவர் தனக்குப் பல லட்சம் ரூபாய் கேட்டார். தராவிட்டால் நவாபிடம் சொல்லிவிடுவார் என்ற பயம் ஆங்கிலேயருக்கு இருந்தது. கிளைவ் இரண்டு உடன்படிக்கைகளை எழுத வைத்தார். வெள்ளைக் காகிதத்தில் எழுதியது உண்மையானது. அதில் உமிசந்துக்கு எதுவும் இல்லை. சிவப்புக் காகிதத்தில் எழுதியது பொய்யானது. அதில் உமிசந்துக்குப் பணம் உண்டு என்று இருந்தது. சிவப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட வாட்சன் மறுத்தார். அவருடைய கையெழுத்தை வேறொருவர் போட்டார்.

1757 ஜூன் 23-ல் பிளாசியில் போர் நடந்தது. மீர் ஜாபரின் படை சண்டை போடாமல் நின்றது. நவாப் தோற்றார். சில நாட்களில் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் உமிசந்துக்கு விஷயத்தைச் சொன்னார்கள். சிவப்புக் காகிதம் பொய், உமக்கு ஒன்றும் கிடையாது என்றார்கள்.

பின்னாளில் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழு கிளைவை விசாரித்தது. அவர் இதை மறைக்கவில்லை. செய்தது சரி என்றே வாதாடினார்.

யாருக்கு என்ன கிடைத்தது?

மீர் ஜாபர் நவாப் ஆனார். ஆனால் 1760-ல் ஆங்கிலேயரே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை கம்பெனியிடம் போனது. வியாபாரி ஆட்சியாளர் ஆனார். வரிச் சுமை உழவர் தலையில் விழுந்தது.

உமிசந்த் நல்லவர் அல்ல. மீர் ஜாபரும் நல்லவர் அல்ல. துரோகத்துக்குத் துணை போனவர்கள் அதே துரோகத்தால் ஏமாந்தார்கள்.

நம் வாழ்விலும் காகிதங்கள் வருகின்றன. கடன் பத்திரம், நிலப் பத்திரம், கூலி ஒப்பந்தம் எல்லாம் காகிதம்தான். ஒருவர் காட்டும் காகிதமும் அவர் வைத்திருக்கும் காகிதமும் ஒன்றுதானா? முழுவதும் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.