ஈரத் தலையோடு சடை பின்னாதீர்கள்

சாரல் மாதங்களில் மேலகரத்தில் துணியும் காயாது, தலையும் காயாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆனி, ஆடியில் எப்போது பார்த்தாலும் தூவானம்தான். காலை அவசரத்தில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு சடையைப் பின்னி, பூவும் வைத்துக்கொண்டு பெண்கள் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம், "எனக்கு முடியே வளர மாட்டேங்குது" என்கிறார்கள். பெரும்பாலும் முடி வளரத்தான் செய்கிறது. வளர்கிற அளவுக்கு நுனி ஒடிந்துகொண்டிருப்பதால் நீளம் தெரிவதில்லை.

நுனிக்கு வயது ஐந்து

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். இடுப்பைத் தொடும் சடை என்றால் அதன் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். அத்தனை வருட வெயிலும் சீப்பும் சோப்பும் பட்ட இடம் அது. தலைக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. அதனால் பட்ட சேதம் ஆறாது. பிளந்த நுனியை எந்தத் தைலமும் ஒட்டவைக்காது, அதை வெட்டிவிட வேண்டியதுதான். வெட்டினால் வேகமாக வளரும் என்பது மட்டும் வெறும் கதை.

சீப்பில் வந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் ஒடிந்தது என்று அர்த்தம்.

ஈரம் செய்கிற வேலை

நனைந்த முடி ரப்பர் போல நீளும். அந்த நேரத்தில் இழுத்தால் சுலபமாக அறுந்துவிடும். ஆகவே சிக்கெடுப்பதைக் குளிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். குற்றால அருவிக்குப் போகிறவர்கள் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு நிற்காமல் தளர்வாகப் பின்னிக்கொள்ளலாம். பேரருவியின் அடி முதுகுக்குச் சுகம், முடிக்கு அல்ல. துவட்டும்போது பரபரவென்று தேய்க்க வேண்டாம். மெல்லிய குற்றாலத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும்.

ஈரத்தோடு கட்டிய கொண்டையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளை பீட்ரா என்ற பூஞ்சை, முடித்தண்டில் வெண்மையான சிறு முடிச்சுகளாகப் பிடிக்கும். ஈரு என்று நினைத்துப் பேன் மருந்து போட்டுப் பயனில்லை. நம் நாட்டில் நீளமுடியை ஈரத்தோடு கட்டும் பெண்களிடம் இது பதிவாகியிருக்கிறது.

மின்விசிறியின் கீழ் கால் மணி நேரம் கூடுதலாக உட்காருங்கள். சொட்டுகிற தலையில் சூடான டிரையரைப் பிடித்தால் தண்டுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிட்டு, அந்த இடத்திலேயே முடி ஒடியும்.

எண்ணெய் எதற்கு?

எண்ணெய் முடியை வளர்க்காது, காக்கும். 2003இல் மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் தண்டுக்குள் நுழைவதுதான் காரணம் என்றார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும், தலைக்கு ஊற்றுமுன் எண்ணெய் வைக்கும் நம் வழக்கத்துக்கு அது நல்ல ஆதரவு. அருவியில் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் தடை இருப்பதால் இதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொடுகு உள்ளவர்கள் மண்டையில் தேய்க்காமல் முடிக்கு மட்டும் தடவலாம்.

இறுக்கம்

பள்ளிக்கூடத்து ரெட்டைச் சடையை நெற்றி வலிக்க இழுத்துப் பின்னுவது அழகென்று எண்ணுகிறோம். வருடக்கணக்கில் அப்படி இழுத்தால் நெற்றியோரம், காதோரம் முடி மெலியும். வேர் கெட்டுவிட்டால் திரும்ப வராது. பூவின் பாரத்தை எல்லாம் ஒரே ஹேர்பின்னில் தொங்கவிடுவதும் அப்படித்தான்.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, பிரசவமோ கடும் காய்ச்சலோ கடந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டினாலோ அது ஒடிவது அல்ல. எண்ணெயை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போய், ரத்தச்சோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.